பழைய புல்லட்டின் பிரைமரி செயினை நீங்களே அளந்து டைட் செய்வது எப்படி

புல்லட் வைத்திருப்பவர்களில் பலர் பின் சக்கரத்துச் செயினை ஒழுங்காகக் கவனிப்பார்கள். மழையில் நனைந்தால் துடைப்பார்கள், எண்ணெய் விடுவார்கள், கொஞ்சம் தொங்கினால் உடனே இழுத்துவிடுவார்கள். இடது பக்கம் அந்த நீளமான அலுமினியக் கவருக்குள் இன்னொரு செயின் ஓடுகிறதே, அதை மட்டும் சத்தம் வரும்வரை யாரும் நினைப்பதில்லை. எஞ்சின் சுற்றுவது முதலில் அந்தச் செயின் வழியாகத்தான் கிளட்சுக்குப் போகிறது. அங்கிருந்து கியர் பாக்ஸ், அப்புறம்தான் பின் செயின். அதாவது வண்டி ஓடாமல் சிக்னலில் நியூட்ரலில் நின்றாலும் பிரைமரி செயின் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இங்கே நான் சொல்வது காஸ்ட் அயர்ன் எஞ்சின் உள்ள, வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக் என்றிருக்கும் 4 கியர் 350 புல்லட்டைப் பற்றி. திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட அப்படியே செய்யப்பட்டுக்கொண்டிருந்த வண்டி. 500க்கும் முறை இதேதான். இடது பக்கம் கியர் வைத்த 5 கியர் எலெக்ட்ராவுக்கும் ஏறக்குறைய இதேதான், அங்கே கவரைக் கழற்ற வழியில் நிற்கும் கியர் லீவரையும் எடுக்கவேண்டியிருக்கும். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்த பிந்தைய யூ.சி.ஈ. எஞ்சின் வண்டிகளில் டென்ஷனர் தானாகவே இழுத்துக்கொள்ளும் வகை, நாம் திருக எதுவும் இல்லை. 2020இல் மீட்டியரோடு வந்த புதிய 350 எஞ்சினில் பிரைமரி செயினே கிடையாது, அதற்குப் பதில் கியர். அந்த வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கவரைக் கழற்றவேண்டாம்.

முதலில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. இந்தச் செயின் கொஞ்சம் லூஸாக இருந்தால் சத்தம் போடும், அவ்வளவுதான். டைட்டாக இருந்தால் அந்தச் சத்தம் வராது, ஆனால் கிராங்க் பேரிங்கையும் கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்ட் பேரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். சத்தம் போனதும் வேலை முடிந்தது என்று கவரை மூடிவிடுகிற பழக்கம்தான் இந்த வண்டிகளுக்கு நடக்கிற பெரிய கொடுமை. காதை நம்பித் திருகாதீர்கள். ஸ்கேலை வைத்து அளந்து திருகுங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

கவரைத் தொடுவதற்கு முன்னால் சத்தம் செயினிலிருந்துதானா என்று பாருங்கள். எஞ்சின் சூடானதும் நியூட்ரலில் ஐடிலில் விடுங்கள். நீளமான திருப்புளி ஒன்றின் முனையைக் கவரில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக் கேளுங்கள். லூஸான பிரைமரி செயின் ஒழுங்கற்ற சளக் சளக் என்று கவரின் அடிப்பக்கத்தில் அடிக்கும், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் குறையும், விட்டதும் மறுபடி வரும். இப்போது கிளட்சைப் பிடியுங்கள். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டால் அது கியர் பாக்ஸ் பக்கம், ஏனென்றால் கிளட்சைப் பிடித்ததும் கியர் பாக்ஸுக்குள் போகிற ஷாஃப்ட் நின்றுவிடும், செயின் நிற்காது. பிடித்தால்தான் சத்தமே வருகிறது என்றால் கிளட்ச் ட்ரம்மின் பேரிங்கையோ புஷ் ராடையோ சந்தேகப்படுங்கள். பிடித்தாலும் விட்டாலும் அதே சளக் என்றால்தான் செயின் பக்கம் பார்க்கவேண்டும்.

இன்னொரு சத்தமும் உண்டு, அதுதான் ஆபத்தானது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிற, மெல்லிய, இழுத்த ரீங்காரம். யாரோ ஏற்கெனவே அளவுக்கு மேல் டைட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய வண்டியை வாங்கியவுடன் இந்த ரீங்காரம் கேட்டால் நீண்ட பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

வேலைக்கு உட்காருவதற்கு முன்

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கவேண்டும். இது வசதிக்காகச் சொல்வது இல்லை, அளவுக்காக. கிராங்க் கேஸ் அலுமினியம், செயின் எஃகு. சூடானால் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும், முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் கிளட்சுக்கும் நடுவே உள்ள தூரம் கூடும், செயின் இன்னும் இழுபடும். குளிரில் சரியாக இருந்த செயின் சென்னை வெயிலில் திருச்சி ரோட்டில் இரண்டு மணி நேரம் ஓடினபிறகு அதே அளவில் இருக்காது. ஹார்லியின் பழைய பெரிய வண்டிகளுக்கு இதனால்தான் இரண்டு அளவு கொடுத்திருந்தார்கள், குளிரில் 5/8 முதல் 7/8 அங்குலம், சூட்டில் 3/8 முதல் 5/8 அங்குலம் என்று. நமக்கு ஒரே அளவுதான், அதைக் குளிரில் பார்க்கவேண்டும். காலையில் வண்டியை எடுக்காமல் அப்படியே வேலையை ஆரம்பிப்பது நல்லது.

கையில் வைத்துக்கொள்ளவேண்டியவை அதிகமில்லை. ரிங் ஸ்பேனர்களோ பாக்ஸ் செட்டோ, ஒரு எஃகு ஸ்கேல், அகலமான தட்டு, பனியன் வேஸ்ட் ஒரு கட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய், மில்லி அளவு போட்ட குவளை, டார்ச். கவருக்குப் போடுகிற நீள ரப்பர் சீல் ஒன்று புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம்தான், ஆனால் பழைய ரப்பரையே மறுபடி போட்டுவிட்டு அப்புறம் ஆயில் ஒழுகுகிறது என்று கவரை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ வாங்கும்போது ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். மிருதுவாக வளைந்து திரும்பவேண்டும். பிளாஸ்டிக் மாதிரி மடங்கி அப்படியே நின்றால் வேண்டாம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் வைத்தால் வண்டி இடது பக்கமே சாய்வதால் ஆயில் அளவும் தப்பாகத் தெரியும், கவரைத் திறந்ததும் ஆயில் மொத்தமும் உங்கள் காலில்தான் வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், பின்னால் எஞ்சினைக் கையால் சுற்றும்போது கம்ப்ரஷனோடு மல்லுக்கட்டவேண்டியதில்லை.

கவரைத் திறக்காமலே முதல் சோதனை செய்யலாம். ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் செயினின் மேல் ஓட்டம் தெரியும். சுத்தமான கம்பி ஒன்றின் முனையைக் கொக்கிபோல வளைத்து உள்ளே விட்டு மெல்லத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று குத்துமதிப்பாகப் பிடிபடும். இதை மாதம் ஒருமுறை செய்தால் போதும். திருகுவதற்கு மட்டும் கவர் வந்தே ஆகவேண்டும்.

கவரைக் கழற்றுவது

இடது ஃபுட் ரெஸ்டை எடுக்கவேண்டும், பிரேக் பெடலையும் வழிவிடும் அளவுக்குக் கழற்றவேண்டும். பிரேக் ராடை எடுப்பதற்கு முன் அதன் நட் எத்தனை மரை உள்ளே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பப் போடும்போது பிரேக் அதே இடத்தில் பிடிக்கும். வண்டியைத் திரும்ப ஓட்டுவதற்கு முன் இந்தப் பிரேக்கைத் தனியாக ஒருமுறை சோதிக்கவேண்டும் என்பதை இப்போதே மனதில் போட்டு வையுங்கள்.

இந்தக் கவரை ஒரே ஒரு நட்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, நடுவில். சுற்றிலும் பத்து ஸ்க்ரூ போடாமல் ஒரே நட், ஒரு ரப்பர் என்று வடிவமைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரோட்டோரத்திலும் திறந்துவிடலாம். ஆனால் அந்த ஒரே நட்டை வெறிகொண்டு இறுக்கினால் கவர் நடுவில் உள்வாங்கி ஓரம் வெளியே தூக்கும். ஒழுகலை நிறுத்த இறுக்க இறுக்க, ஒழுகல் கூடும். உங்கள் வண்டியில் முன்பிருந்தவர் அப்படிச் செய்திருக்கிறாரா என்று தெரிய, கழற்றின கவரைக் கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் கவிழ்த்து வைத்து ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.

தட்டை அடியில் வைத்துவிட்டு நட்டைக் கழற்றி, கவரின் ஓரத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். வராவிட்டால் நைலான் சுத்தியால் லேசாகத் தட்டலாம். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள், அந்தச் சின்ன வடு ஆயுசுக்கும் ஒழுகும். கவர் அசைந்ததும் கீழ்ப்பக்க இடுக்கு வழியாக ஆயில் கொட்டும். முழுவதும் வடியவிடுங்கள்.

வடிந்த ஆயிலைக் கொட்டிவிடாமல் குவளையில் ஊற்றி அளந்து பாருங்கள், இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நீங்கள் ஊற்றினதைவிடக் குறைவாக வந்தால் எங்கோ ஒழுகுகிறது, ரப்பரையும் ஆல்டர்னேட்டர் ஒயர் வெளியே வருகிற ரப்பர் வளையத்தையும் பாருங்கள். ஊற்றினதைவிட அதிகமாக, எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்பாக வந்தால் கிராங்க் ஷாஃப்டின் இடது பக்க ஆயில் சீல் போய்விட்டது, எஞ்சின் ஆயில் இங்கே வந்து சேர்கிறது. விரலில் தேய்த்தும் பாருங்கள். மாவுபோல நைசான சாம்பல் நிறம் இயல்பான தேய்மானம். நறநறவென்று துகள் கையில் தட்டினால் எதுவோ உரசுகிறது அல்லது உடைந்திருக்கிறது. முன்பக்கம் கிராங்க் நுனியில் இருக்கிற ரோட்டர் ஒரு காந்தம் என்பதால், இரும்புத் தூள் எல்லாம் அதைத் தேடிப்போய் ஒட்டி முள்முள்ளாக நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். அதைத் துணியால் துடைத்தெடுங்கள், காற்றடிக்கிற மிஷினால் ஊதாதீர்கள், தூள் ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஸ்டேட்டர் சுருளுக்குள் போகும்.

அளப்பதும் திருகுவதும்

இப்போது எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. முன்னால் எஞ்சின் ஸ்ப்ராக்கெட், 350இல் 25 பல். அதற்கு வெளியே ரோட்டரும் ஸ்டேட்டரும். பின்னால் 56 பல் உள்ள கிளட்ச் ஸ்ப்ராக்கெட். நடுவே 3/8 அங்குல இரட்டை வரிசைச் செயின். செயினின் கீழ் ஓட்டத்துக்கு அடியில் வளைந்த பட்டை ஒன்று, அதை அடியிலிருந்து தூக்குகிற அட்ஜஸ்டர் ஸ்க்ரூ, அதன் லாக் நட். நாம் தொடப்போவது இந்தக் கடைசி இரண்டை மட்டும்தான்.

பட்டை ஏன் கீழே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிது. எஞ்சின் முன்னோக்கிச் சுற்றுவதால் செயினின் மேல் ஓட்டம்தான் கிளட்சை இழுக்கிறது. தளர்வு எல்லாம் கீழே சேர்கிறது. அந்தத் தளர்வைப் பட்டை தாங்கிக்கொள்கிறது. அந்தக் காலத்து ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் வண்டிகளில் பலவற்றில் கியர் பாக்ஸையே பின்னால் நகர்த்திச் செயினை இழுப்பார்கள், அதனால் பின் செயினையும் மறுபடி சரிசெய்யவேண்டி வரும். புல்லட்டில் கியர் பாக்ஸ் எஞ்சினின் முதுகோடு போல்ட் போட்டு நகராமல் நிற்கிறது, அதனால்தான் இந்தப் பட்டை. நம் மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி வண்டிகளில் இதுவும் கிடையாது, செயின் தேய்ந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

அளவு இதுதான்: மேல் ஓட்டத்தின் நடுவில், மிக டைட்டான இடத்தில், மேலும் கீழுமாக மொத்தம் கால் அங்குல ஆட்டம். அதாவது 6 மி.மீ. ஸ்கேலைச் செயினுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, விரலால் செயினைக் கீழே அழுத்தி ஒரு அளவு, மேலே தூக்கி ஒரு அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். நடுநிலையிலிருந்து மேலே 6, கீழே 6 என்று எடுத்துக்கொண்டால் இரண்டு மடங்கு லூஸாகிவிடும்.

மிக டைட்டான இடத்தில் என்று சொன்னதுதான் இந்த வேலையின் உயிர். எந்தச் செயினும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, ஸ்ப்ராக்கெட்டும் துல்லியமான வட்டமாக நிற்காது. ஒரு இடத்தில் 12 மி.மீ. ஆடுகிற செயின், சுற்றிக்கொண்டே போனால் இன்னொரு இடத்தில் 5 மி.மீ.தான் ஆடும். கவரைத் திறந்ததும் கண்ணில் பட்ட இடத்தில் 12 இருக்கிறதே என்று அதை 6க்குக் கொண்டுவந்தால், அந்த டைட்டான இடம் வரும்போது செயின் கம்பிபோல விறைத்து நிற்கும். எஞ்சின் ஒரு நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் சுற்று சுற்றும்போது அந்த விறைப்பு எத்தனை முறை பேரிங்கில் போய் இடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் நாலாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுற்றி, நிறுத்தி, அளந்து, மறுபடி கொஞ்சம் சுற்றி அளந்து பாருங்கள். கிளட்ச் ஒரு சுற்று வந்தால் போதாது. செயினின் பக்கத்தகட்டில் ஓரிடத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி பல முறை சுற்றி வரும்வரை அளந்துகொண்டே போகவேண்டும், ஏனென்றால் செயினின் டைட்டான கண்ணிகளும் ஸ்ப்ராக்கெட்டின் உயர்ந்த பக்கமும் எப்போது ஒன்றாகச் சேரும் என்பது ஒரே சுற்றில் தெரியாது. கால் மணி நேரம் ஆனால் ஆகட்டும். சேர்ந்த இடம் கிடைத்ததும் சக்கரத்தை அப்படியே நிறுத்துங்கள். சக்கரத்தைச் சுற்றும்போது மட்டும் கையையோ தொங்குகிற சட்டை நுனியையோ செயின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒருவர் சக்கரம், ஒருவர் ஸ்கேல் என்று இரண்டு பேராகச் செய்தால், கையை எடுத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னபிறகே சக்கரம் நகரவேண்டும்.

அந்த இடத்தில் 6 மி.மீ. இருந்தால் எதையும் தொடாமல் மூடிவிடுங்கள், மற்ற இடத்தில் தொங்கினாலும் பரவாயில்லை. அதிகமோ குறைவோ இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டர் ஸ்க்ரூவைக் கால் சுற்று மட்டும் திருப்பி, பட்டை மேலே ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் டைட், இறங்கினால் லூஸ். கால் கால் சுற்றாகத் திருப்பி அளந்து 6க்கு வந்ததும் ஸ்க்ரூ சுற்றாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கினபிறகு கட்டாயம் மறுபடி அளக்கவேண்டும். லாக் நட் இறுகும்போது ஸ்க்ரூவைக் கொஞ்சம் சேர்த்து இழுக்கும், 6 என்று விட்டது 4 ஆகியிருக்கும். அப்புறம் சக்கரத்தை இன்னும் சில சுற்றுகள் விட்டு வேறு எங்காவது 6க்குக் கீழே போகிறதா என்று ஒரு கடைசிப் பார்வை. 6க்கும் 7க்கும் நடுவில் தடுமாறினால் 7இல் விடுங்கள்.

அட்ஜஸ்டர் எவ்வளவு மேலே போய்விட்டது என்பதையும் கவனியுங்கள். மரை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது, இன்னும் செயின் தொங்குகிறது என்றால் இனி திருகுவதில் பயனில்லை, செயின் மாற்றும் நேரம். டைட்டான இடத்துக்கும் லூஸான இடத்துக்கும் வித்தியாசம் மிக அதிகமாக, 6ம் 15ம் என்பதுபோல இருந்தாலும் அதே முடிவுதான். தேய்மானத்தை எண்ணாகப் பார்க்க விரும்பினால் மேல் ஓட்டத்தில் 12 கண்ணியை அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து பன்னிரண்டு கண்ணி தாண்டி அடுத்த பின்னின் நடுவரை புதுச் செயினில் 114.3 மி.மீ. வரும். 2 சதவீதம் நீண்டால், அதாவது 116.5ஐத் தாண்டினால், அது முடிந்த செயின். அளக்கும்போது மேல் ஓட்டம் இழுத்த நிலையில் இருக்கவேண்டும்.

கவர் திறந்திருக்கும்போதே பார்க்கவேண்டியவை

இவ்வளவு தூரம் வந்தபிறகு செயினை மட்டும் பார்த்துவிட்டு மூடுவது வீண். பட்டையின் முகத்தில் செயின் இரண்டு பள்ளம் வெட்டியிருக்கும். லேசான கோடு என்றால் விடலாம், ஆழமான வாய்க்கால் என்றால் பட்டையை மாற்றுங்கள். செயினின் பக்கத்தகடுகள் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. எஃகு ஸ்கேலின் ஓரத்தை இரண்டின் பக்கவாட்டிலும் ஒட்டிப் பார்த்தால் எது உள்ளே எது வெளியே என்று தெரியும். பல் கொக்கிபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயினோடு அந்த ஸ்ப்ராக்கெட்டும் போகவேண்டும், புதுச் செயினைக் கொக்கிப் பல்லில் ஓட்டினால் அதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

கிளட்ச் ட்ரம்மை இரண்டு கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடும், கடகடவென்று ஆடக்கூடாது. கிளட்ச் ஆடினால் செயினின் அளவு எப்போதும் நிலைக்காது, எத்தனை தடவை திருகினாலும் சத்தம் திரும்ப வரும். ஸ்டேட்டரைப் பிடித்திருக்கிற நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ரோட்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் சுற்றிலும் தடையில்லாமல் போகவேண்டும். போகாத பக்கம் உரசிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்தையும் செயின் சத்தம் என்று தப்பாக எண்ணுகிறவர்கள் உண்டு.

புதுச் செயின் போடுவது இதே உட்காரலில் முடிகிற வேலை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இதில் கழற்றிப் பூட்டுகிற லாக் கிடையாது, முழு வளையம். அதனால் ஸ்டேட்டர், ரோட்டர், எஞ்சின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செயினோடு சேர்த்து ஒன்றாக வெளியே இழுக்கவேண்டும். இழுத்தெடுக்கிற புல்லர் கருவி இல்லாமல் சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்த்தால் கிராங்கை வளைத்துவிடுவீர்கள். நல்ல புல்லட் மெக்கானிக்கிடம் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

மூடுவதும் ஆயிலும்

உள்ளே மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். மண்ணெண்ணெயைக் கப் கப்பாக ஊற்றிக் கழுவாதீர்கள், கிளட்ச் பிளேட் நனையும். பனியன் வேஸ்டில் நூல் பிரிந்து எங்காவது சுற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரப்பர் உட்காருகிற பள்ளத்தை மரக்குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பழைய சிலிகான் பசை அப்பியிருந்தால் எல்லாவற்றையும் எடுங்கள். நல்ல ரப்பரும் நேரான கவரும் இருந்தால் பசை எதுவும் வேண்டாம், பசை பிதுங்கி உள்ளே விழுந்து ஆயிலில் மிதப்பதுதான் மிச்சம். புது ரப்பரை முறுக்கில்லாமல் பள்ளத்தில் பதித்து, கவரை நேராக வைத்து, கையால் சுற்றிலும் அழுத்தி, நட்டைப் போடுங்கள். ரப்பர் அமுங்குவது கைக்குத் தெரியும். அதற்குமேல் கொஞ்சம், அவ்வளவுதான்.

ஆயில் விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து. என் தேர்வு ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஊற்றுகிற சிவப்புத் திரவம். கிளட்ச் பிளேட் ஒட்டாமல் சுத்தமாகப் பிரிகிறது, காலையில் முதல் கியர் போடும்போது அந்த டடக் குறைகிறது. அதைவிடப் பெரிய லாபம் அதன் நிறம். வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்தால் சிவப்பா கறுப்பா என்று பார்த்தே எங்கிருந்து ஒழுகுகிறது என்று சொல்லிவிடலாம். 20டபிள்யூ-50 பைக் எஞ்சின் ஆயில் ஊற்றினாலும் வண்டி நன்றாகவே ஓடும், ஆயிலில் ஓடுகிற கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. குறி டப்பாவில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மைலேஜ் கூடும் என்று விற்கிற சில கார் ஆயில்களில் வழுக்கலுக்காக ஏதேதோ சேர்த்திருப்பார்கள், அது கிளட்சையும் வழுக்கவைத்துவிடும். கிரீஸ், கிராஃபைட், கியர் ஆயில் எதுவும் இங்கே கூடாது.

அளவு 400 மி.லி.யைச் சுற்றி வரும், ஆனால் முடிவு சொல்லவேண்டியது லெவல் ஸ்க்ரூதான். அதைக் கழற்றிவிட்டு மேல் மூடி வழியாக மெல்ல ஊற்றுங்கள். லெவல் ஓட்டையில் ஆயில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மிச்சம் வழிந்து முடியும்வரை பொறுத்து, ஸ்க்ரூவை ஃபைபர் வாஷரோடு மூடுங்கள். கூடுதலாக ஊற்றினால் செயினுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள், கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கி ஒட்டவும் வழுக்கவும் செய்யும். செயின் கீழே ஆயிலைத் தொட்டுக்கொண்டு போனாலே போதும், மேலே அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஃபுட் ரெஸ்ட், பிரேக் பெடல், பிரேக் ராட், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் பூட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டிலேயே பின் சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கை அழுத்தி, பிடிக்கிறதா, விட்டதும் சுத்தமாக விடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, கவரின் கீழ் ஓரத்தில் விரலை ஓட்டி ஈரம் இருக்கிறதா பாருங்கள். செயின் சத்தம் முற்றிலும் போயிருக்காது. பழைய செயினில் லேசாக ஒரு சலசலப்பு இருக்கத்தான் செய்யும், அது இருந்தால் பயப்படவேண்டாம். அதைப் போக்க மறுபடி கவரைத் திறக்காதீர்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால், நான் 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆட்டத்தைப் பார்ப்பேன், வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவேன், வண்டி அதிகம் ஓடினால் அதற்கு முன்பே. புதுச் செயின் போட்டிருந்தால் முதல் 500 கி.மீ.யிலேயே திறந்து பார்த்துவிடவேண்டும், புதுச் செயின் ஆரம்பத்தில்தான் வேகமாக நீளும். அப்புறம் நீண்ட நாளைக்கு அமைதியாக இருக்கும். அடிக்கடி லூஸாகிக்கொண்டே இருந்தால் செயினைத் திட்டாமல் பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் குஷ் ரப்பர்களைப் பாருங்கள். அவை நசுங்கிப் போயிருந்தால் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் பிடிக்கும்போதும் வருகிற வெட்டு நேராக இரண்டு செயினிலும் இறங்கும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பின் ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் அசைத்தால் எவ்வளவு ஆட்டம் என்று கையிலேயே தெரிந்துவிடும். நிறைய ஆடினால் அந்த ரப்பர்களை ஒரு செட்டாக மாற்றிவிட்டு, அடுத்த 1,000 கி.மீ. கழித்து பிரைமரி செயினை மறுபடி அளந்து பாருங்கள்.